துப்பாக்கியும் தோல் வாளியும்

என் நண்பர் ஒருவர் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் கற்பித்து ஓய்வு பெற்றவர். பரம சாது. சாப்பாட்டு இலையில் எறும்பு ஊர்ந்தால்கூட நசுக்காமல் ஊதித் தள்ளுகிறவர். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு உயிருக்குயிரான பொழுதுபோக்கு எது தெரியுமா? அமெரிக்கக் கௌபாய்ப் படங்கள்! சிறு வயதில் கொட்டகையில் தரை டிக்கெட்டில் பார்க்க ஆரம்பித்தவர், இன்றைக்கும் விடவில்லை.

"அதுவல்லவா ஸார் வாழ்க்கை! சட்டம் இல்லை, போலீஸ் இல்லை. ஒரு மனிதன், ஒரு குதிரை, ஒரு துப்பாக்கி. அந்தத் தேசத்தின் மேற்குப் பகுதியே அப்படித்தானே உருவாயிற்று?" என்பார்.

இத்தனை நாளும் இதைக் கேட்டுப் புன்னகை செய்துவிட்டுச் சும்மா இருந்தேன். இனிச் சும்மா இருப்பதாக இல்லை. போன வருஷம் கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் என் மகன் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். அங்கே கண்ணால் கண்டதும், கண்டபின் தேடிப் படித்ததும் என்னைப் பேச வைத்துவிட்டன.

என் கட்சி இதுதான். அமெரிக்காவின் மேற்கு ஊர்களை நிற்க வைத்தது துப்பாக்கி அல்ல. தோல் வாளியும், கைப்பம்பும், கொக்கியும், ஏணியும். துப்பாக்கிக்கு அங்கே வேலையே இருக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. அந்த மண்ணின் ஆதிகுடிகளிடமிருந்து நிலத்தைப் பறித்ததில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. பறிப்பதற்குத் துப்பாக்கி போதும், குடியிருப்பதற்குப் போதாது. குடியிருக்க வந்தவர்களின் முதல் எதிரி கொள்ளைக்காரன் அல்ல, நெருப்பு. அந்த எதிரியோடு நடந்த யுத்தத்தைக் கதையிலிருந்து துரத்திவிட்டு, இரண்டு பேர் எதிரெதிரே நின்று சுட்டுக்கொள்வதைச் சரித்திரம் என்று விற்றவர்கள் கதை எழுதுகிறவர்கள். அந்தக் குற்றவாளிகளின் ஜாதியில் நானும் ஒருவன். என் குற்றத்தைப் பின்னால் சொல்லுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம்.

அரிஸோனாவில் டூம்ஸ்டோன் என்று ஓர் ஊர். 1881 அக்டோபர் 26-ஆம் தேதி அங்கே ஒரு துப்பாக்கிச் சண்டை நடந்தது. நேரம் சுமார் அரை நிமிஷம். செத்தவர்கள் மூன்று பேர். ஓ.கே. காரல் என்ற குதிரைக் கொட்டிலில் நடந்ததாகப் பெயர். உண்மையில் அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு குறுகிய காலி மனையில் நடந்தது. இந்த அரை நிமிஷத்தை வைத்து 1946-இல் ஒரு படம், 1957-இல் ஒரு படம், அப்புறமும் எத்தனையோ படங்கள். இருக்கட்டும். அதே ஊரில், அதே 1881 ஜூன் மாதம், ஒரு சாராயக் கடையில் விஸ்கிப் பீப்பாயில் சுருட்டு நெருப்புப் பற்றிக் கடைத்தெருவில் பெரும் பகுதி சாம்பலாயிற்று. திரும்பக் கட்டினார்கள். மறு வருஷம் மே மாதத்தில் மறுபடியும் எரிந்தது. மறுபடியும் கட்டினார்கள். இதை யார் படம் எடுத்தார்கள்? அரை நிமிஷம் ஊரைச் சுட்டவனுக்கு வெள்ளித்திரை. இரண்டு தடவை ஊரைக் கட்டியவனுக்கு ஒரு வரி கிடையாது!

டெட்வுட் என்று இன்னோர் ஊர். 1876-இல் வைல்ட் பில் ஹிக்கக் என்கிற துப்பாக்கி வீரரை அங்கே சீட்டாடும்போது பின்னாலிருந்து ஒருவன் சுட்டுக் கொன்றான். அவர் கையில் அப்போது என்னென்ன சீட்டுகள் இருந்தன என்பதுகூட இன்றைக்கும் கதையாக நடமாடுகிறது. மூன்று வருஷம் கழித்து, 1879 செப்டம்பரில், அதே ஊரில் ஒரு ரொட்டிக் கடையில் நெருப்புப் பிடித்தது. பக்கத்து இரும்புக் கடையில் வைத்திருந்த வெடிமருந்துப் பீப்பாய்கள் வெடித்தன. சுமார் 300 கட்டடங்கள் போயின. ஒரு மனிதனின் கையிலிருந்த ஐந்து சீட்டு நினைவிருக்கிறது. ஓர் ஊரின் 300 கூரை நினைவில்லை. இதைத்தான் அநியாயம் என்கிறேன்.

ஸான் பிரான்ஸிஸ்கோவின் கதை இன்னும் கொடுமை. தங்கம் கிடைக்கிறது என்று உலகமே ஓடி வந்த நாட்கள். மரப்பலகை, கான்வாஸ் துணி, தார் - இவற்றால் ஆன நகரம். 1849 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் எரிந்தது. 1850 மே, ஜூன், செப்டம்பர் மாதங்களில் எரிந்தது. 1851 மே, ஜூன் மாதங்களிலும் எரிந்தது. பதினெட்டு மாதத்தில் ஆறு பெரு நெருப்பு! சேற்றுக்குப் பயந்து தெருவுக்கெல்லாம் மரப்பலகை பாவியிருந்தார்கள். பலகைக்கு அடியிலிருந்த வெற்றிடம் அடுப்பூதும் குழல்போல் வேலை செய்து, நெருப்பை இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெருவுக்குக் கொண்டு போயிற்று. மரத்தை நம்பாமல் இரும்பினால் கட்டிடம் போட்டுக்கொண்ட புத்திசாலிகளும் இருந்தார்கள். சூட்டில் இரும்புக் கதவுகள் விரிந்து இறுகிக்கொள்ள, உள்ளே பத்திரமாக இருப்பதாக நினைத்தவர்கள் வெளியே வர முடியாமல் மாண்டார்கள். 'என் சுவர் எனக்குப் போதும்' என்று கதவைச் சாத்திக்கொண்டவனுக்கு அந்த ஊர் சொன்ன பதில் அது.

அப்படியானால் எது காப்பாற்றியது? அதைக் கொலம்பியாவில் பார்த்தேன்.

கலிபோர்னியாவின் தங்க வயல்களில் முளைத்த சிற்றூர் கொலம்பியா. 1850-இல் பிறந்து, 1854-இல் எரிந்து, செங்கல்லும் இரும்புக் கதவுமாக எழுந்து, 1857-இல் மறுபடியும் எரிந்த ஊர். 1945 முதல் மாநில அரசு அதைப் பழைய ஊராகவே பாதுகாத்து வருகிறது. இரண்டாவது நெருப்புக்குப் பிறகு ஊர்க்காரர்கள் கூடித் தீயணைக்கும் குழு ஒன்று அமைத்து, 1859-இல் ஒரு கைப்பம்பு வண்டி வாங்கினார்கள். அதன் பெயர் 'பாப்பீட்டே'. தாஹித்தித் தீவுக்கென்று செய்யப்பட்டதாம். அதன் பயணம் ஸான் பிரான்ஸிஸ்கோவோடு நின்றுபோனதால் இவர்கள் கைக்கு வந்தது என்கிறார்கள். கல்யாண வீட்டுக் கோச்சு வண்டிபோல் வர்ணம் பூசிய சின்ன வண்டி. நான் அதன் முன்னால் அரை மணி நேரம் நின்றேன்.

"அப்பா, இதைப் பார்க்கவா இவ்வளவு நேரம்?" என்றான் மகன்.

"இதைப் பார்க்காமல் இத்தனை வருஷம் கதை எழுதினேனே என்று நிற்கிறேன், போடா" என்றேன்.

கவலை இறைத்துப் பார்த்த தலைமுறைக்குத் தோல் வாளி ஆச்சரியமில்லை. ஆனால் அந்த வாளிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கு இருந்தது. கிழக்குக் கரை நகரங்களில் வீட்டுக்கு இத்தனை வாளி வைத்திருக்க வேண்டும் என்று பழைய நாளில் சட்டமே போட்டார்கள். வாளியின்மேல் சொந்தக்காரர் பெயரை எழுதி வைப்பார்கள். நெருப்பு மணி அடித்ததும் வாளியோடு ஓடி வர வேண்டும். கிணற்றிலிருந்து நெருப்பு வரைக்கும் இரண்டு வரிசை. ஒன்றில் நிறைந்த வாளி போகும். மற்றொன்றில் காலி வாளி திரும்பும். காலி வாளி வரிசையில் பெண்களும் சிறுவர்களும் நிற்பார்கள். நெருப்பு அடங்கிய பிறகு குவிந்து கிடக்கும் வாளிகளில் அவரவர் பெயரைத் தேடி எடுத்துக்கொண்டு போவார்கள். என் வாளித் தண்ணீரை நான் ஊற்றுவதில்லை என்பதைக் கவனியுங்கள். என் வாளி எவனோ ஒருவனுடைய கையில் இருக்கிறது. என் கையில் இருப்பது எவனுடையதோ.

கைப்பம்பு அந்த வரிசைக்கு அடுத்த படி. தொட்டி ஒன்று, அதற்குள் இரண்டு உருளைப் பம்புகள், இரு பக்கமும் நீண்ட மரக்கட்டைகள். ஏற்றம் மிதிப்பதுபோல, இந்தப் பக்கத்துக் கட்டை தாழும்போது அந்தப் பக்கத்துக் கட்டை உயரும். பக்கத்துக்கு ஏழெட்டுப் பேர், பெரிய வண்டியானால் அதற்கும் மேலே. நிமிஷத்துக்கு 60 தடவை அழுத்த வேண்டும். சில நிமிஷங்களிலேயே தோள் செத்துவிடும். அடுத்த அணி ஓடி வந்து பிடித்துக்கொள்ளும். கட்டையை நிறுத்தாமலே ஆள் மாற வேண்டும். கணக்குத் தவறினால் கை எலும்பு முறியும். தண்ணீர் செல்லும் தோல் குழாய், செம்பு ஆணி அடித்து மூட்டியது. எண்ணெய் தடவி வளர்க்காவிட்டால் காய்ந்து வெடித்துவிடும். இத்தனை சத்தத்தில் தலைவன் குரல் கேட்க வேண்டுமே, அதற்காக நாதஸ்வர அணைசுபோல் வாய் விரிந்த பேசும் குழல் ஒன்று. எரியும் வீட்டுக்கு அடுத்த வீட்டை இழுத்துத் தள்ளி நெருப்பின் வழியை அடைக்க, நீண்ட கழியில் இரும்புக் கொக்கிகள்.

இந்தச் சாமான்களில் எதையாவது தனி மனிதன் ஒருவன் இயக்க முடியுமா? முடியாது. துப்பாக்கி ஒரு மனிதனை இருபது பேருக்குச் சமமாக்குகிறது. கைப்பம்போ இருபது பேர் ஒரே மனிதனாக மாறினால்தான் ஒரு சொட்டுத் தண்ணீர் தருகிறது. ஊர் என்பதற்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குத் தெரியவில்லை.

இந்த இடத்தில் என் சரித்திர நண்பர் குறுக்கே பாய்வார் என்பது எனக்குத் தெரியும். "அந்தத் தீயணைக்கும் குழுக்காரர்கள் மட்டும் மகான்களோ?" என்பார்.

இல்லை. வக்கீல் வேலை பார்க்க எனக்கு விருப்பமில்லை. அவர்கள் குற்றப் பட்டியலை நானே படிக்கிறேன். நகரங்களில் இந்தக் குழுக்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. தெருக் குழாயை முதலில் யார் பிடிப்பது என்று வீடு எரிந்துகொண்டிருக்கும்போது குத்துச்சண்டை. எதிர்க் குழு வருவதற்குள் குழாயின்மேல் பீப்பாயைக் கவிழ்த்து மறைக்க ஓர் அடியாள். ஒரு வண்டி அடுத்த வண்டியின் தொட்டிக்குத் தண்ணீர் அனுப்பும்போது, வேண்டுமென்றே வேகமாக அனுப்பித் தொட்டியை வழியவைத்து அவமானப்படுத்துவது ஒரு விளையாட்டு. வண்டிக்குச் சித்திரம் எழுதவும், ஊர்வலத்துக்கு வெள்ளிக் குழல் செய்யவும் பணத்தை இறைத்தார்கள். நீராவியால் ஓடும் பம்பு வந்தபோது பலர் அதை வெறுத்தார்கள். ஸின்ஸினாட்டி நகரம் 1853-இல் நீராவிப் பம்பும் சம்பளம் வாங்கும் தீயணைப்புப் படையுமாக மாறியது, இந்தச் சண்டைக்காரர்களிடமிருந்து தப்பிக்கவும்தான். ஸான் பிரான்ஸிஸ்கோவும் 1866-இல் சம்பளப் படைக்கு மாறிற்று.

இதைவிடப் பெரிய குற்றமும் உண்டு. நெருப்பின் பயம் மனிதர்களை வரிசையில் நிற்க வைப்பது போலவே, கும்பலாகவும் ஆக்கும். 1851-இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர்கள்தாம் நெருப்பு வைக்கிறார்கள் என்ற சந்தேகம் பரவியது. திருட்டும் பெருகியிருந்தது. வியாபாரிகள் தாமாகவே ஒரு கண்காணிப்புக் கமிட்டி அமைத்துக்கொண்டு, கோர்ட்டைத் தள்ளிவிட்டு, நான்கு பேரைத் தூக்கில் போட்டார்கள். அன்று வாளி பிடித்த ஊரே மறுநாள் கயிறும் பிடித்தது. இதை மறைத்தால் நானும் சினிமாக்காரன் ஆகிவிடுவேன்.

ஆனால் நண்பரே, இதிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. துப்பாக்கி வீரனின் குற்றம்தான் அவனுடைய புகழ். எத்தனை பேரைச் சுட்டான் என்பதே அவன் ஜாதகம். கைப்பம்புக்காரனின் குற்றம் அவன் வேலைக்குக் குறுக்கே நிற்கிறது. குத்துச்சண்டை முடிந்த பிறகாவது அவன் கட்டையைப் பிடித்துத்தான் ஆக வேண்டும். பிடிக்காவிட்டால் ஊர் இல்லை.

ஒரு புகைப்படம் சொல்லட்டும். நெருப்பில் அழிந்ததே டெட்வுட், அந்த ஊரில் 1888 ஜூலை 4-ஆம் தேதி, சுதந்திர தினத்தன்று, தீயணைக்கும் குழாய் வண்டிப் பந்தயம் நடந்தது. வென்றது ஒரு சீனர் குழு. கிராபில் என்ற புகைப்படக்காரர் அவர்களைச் சீருடையோடு வரிசையாக நிறுத்திப் படம் பிடித்தார். அமெரிக்காவின் சாம்பியன் சீனக் குழு என்று அடியில் எழுதினார். சீனத் தொழிலாளிகள் நாட்டுக்குள் வரக்கூடாது என்று 1882-இல் சட்டம் போட்ட தேசம் அது. 1943 வரை அந்தச் சட்டத்தை ரத்துச் செய்யாத தேசம். தேசம் கதவைச் சாத்தியிருந்த அந்த நாளில், குழாய் வண்டியின் கயிற்றை அவர்களும் இழுத்தார்கள். அவர்களைச் சாம்பியன் என்று சொல்ல வேண்டியிருந்தது. எந்தக் கௌபாய்ப் படத்தில் இவர்களைக் கதாநாயகர்களாகக் கண்டீர்கள்? துணி வெளுக்கவும், சிரிப்பு மூட்டவும்தானே அந்தப் படங்களில் சீனன் வருவான்? புகைப்படத்தின் அடியில்கூட அவர்கள் பெயர் இல்லை.

பெயர் நிலைத்தவர் ஒருவர் உண்டு. ஸான் பிரான்ஸிஸ்கோவில் லில்லி ஹிட்ச்காக் என்ற பணக்கார வீட்டுப் பெண், சிறுமியாக இருந்தபோது, ஆள் குறைந்து மேட்டில் திணறிய ஐந்தாம் நம்பர் வண்டியின் கயிற்றை ஓடிப்போய்ப் பிடித்து இழுத்தாளாம். பின்னால் அந்தக் குழு அவளைக் கௌரவ அங்கத்தினராகச் சேர்த்துக்கொண்டது. 1929-இல் இறந்தபோது நகரத்தை அழகுபடுத்தச் சொத்தில் ஒரு பங்கை எழுதி வைத்தார். 1933-இல் எழுந்த காயிட் கோபுரம் அந்தப் பணத்தில் கட்டியதுதான். அவரிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. தீயணைத்த தொண்டர்களுக்கும் ஒரு சிலை வைக்க அவர் பணம் உதவிற்று. ஆயினும் கேட்கிறேன்: அந்தக் கயிற்றில் அவருக்கு முன்னும் பின்னும் இருந்த கைகள் யாருடையவை?

இன்னொரு கூட்டத்தாரோடும் எனக்குச் சண்டை உண்டு. இவர்கள் பழம்பொருள் சேகரிப்பவர்கள். பழைய தீயணைப்புச் சாமான்களில் இவர்கள் ஆசையோடு தேடுவது கண்ணாடிக் குண்டு. 1870-களுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு விற்ற சாமான். நீலமும் பச்சையுமாக, உள்ளே உப்புத் தண்ணீர் நிரப்பிய அழகான குடுவை. நெருப்பு வந்தால் இதை எடுத்து எறி, போதும் என்றார்கள். சிறு நெருப்புக்கே அது சந்தேகம். பெரு நெருப்புக்கு எச்சிலுக்குச் சமானம். பின்னால் வந்த குண்டுகளில் கார்பன் டெட்ராகுளோரைடு நிரப்பினார்கள். அது சூடேறினால் பாஸ்ஜீன் என்ற விஷவாயு பிறக்கும். முதல் உலக யுத்தத்தில் மனிதர்களைக் கொன்ற அதே வாயு! இன்றைக்கும் அதை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தனி மனிதன் காசு கொடுத்து வாங்கித் தன் சுவரில் மாட்டிக்கொண்ட தைரியம் விஷமாகப் போனது. நாலு பேர் கூடித் தூக்கிய வாளி தண்ணீராகவே இருந்தது.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

பல வருஷங்களுக்கு முன் ஒரு தொடர்கதை எழுதினேன். அதில் குடிசைகள் பற்றி எரியும் ஓர் அத்தியாயம். என் கதாநாயகன் நெருப்புக்குள் பாய்ந்து ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவான். தெருவே கை தட்டும். அந்த வாரம் எனக்கு வந்த பாராட்டுக் கடிதங்களை எண்ணிப் பார்த்துப் பெருமைப்பட்டேன். நடுவில் ஒரு கார்டு. எழுதியவர் ஓர் அம்மாள். "தெருவிலிருந்தவர்கள் கை தட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் கை சும்மாவா இருந்தது? தண்ணீர் இறைத்துக் கொண்டுவந்தது யார்?" அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்தது. கதை தெரியாத ஜன்மம் என்று நினைத்துக் கார்டைக் கிழித்துப் போட்டேன். கொலம்பியாவில் அந்தக் கைப்பம்பின் முன்னால் நின்றபோது, கிழித்துப் போட்ட கார்டு முழுசாகக் கண் முன்னே வந்தது. நானும் ஒரு கௌபாய்க் கதைதான் எழுதியிருக்கிறேன். துப்பாக்கிக்குப் பதில் குழந்தை, அவ்வளவே வித்தியாசம். ஒரு தெருவின் இருநூறு கைகளை வேலையிலிருந்து நீக்கிக் கை தட்ட வைத்தவன் நான்.

இதையெல்லாம் நண்பரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நியாயம்தான் ஸார். ஆனால் வாளியில் என்ன கதை இருக்கிறது? துப்பாக்கி என்றால் அடுத்து என்ன ஆகுமோ என்று மனசு துடிக்கிறது. வாளி கை மாறுவதை எத்தனை நேரம் பார்ப்பது?" என்றார்.

நான் வாதம் செய்யவில்லை. அந்தப் பழைய கதையின் அடுத்த பதிப்புக்காகத் திருத்தி எழுதி வைத்திருந்த அத்தியாயத்தை அவரிடம் நீட்டினேன். அதில் கதாநாயகன் வரிசையில் பதினோராவது ஆளாக நிற்கிறான். முன்னால் எரிவது யாரோ ஒருவருடைய வீடு. வாளி வருகிறது, போகிறது. தற்செயலாகத் திரும்பிப் பார்க்கிறான். தெருக் கோடியில் அவன் வீட்டுக் கூரை மெல்லப் புகைய ஆரம்பித்திருக்கிறது. அவன் நகர்ந்தால் வரிசை அறுந்துபோகும். கையில் நிறைந்த வாளி.

அந்த இடத்தோடு தாளை நிறுத்தியிருந்தேன். நண்பர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றவில்லை. தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"அப்புறம்?" என்றார். "போனானா, நின்றானா? மிச்சத்தைக் கொடும் ஐயா!"